கசப்பு பூசிய பேனாக்கள்

பதினொரு பேனாக்களும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில்கூடக் கீறல் கிடையாது. என் மகளின் கை அவற்றில் படாமல் இருக்க நான் என்னென்ன செய்தேன் என்பதையும், அதனால் அவளுக்கு என்ன ஆனது என்பதையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் கூடிய இடத்தில் என் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். கையில் பேனா இருந்தால் கொஞ்சம் வரும்.

நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க வசதியும் இல்லை, பள்ளியும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டாமல் தப்பித்து மலாக்கா டவுனுக்கு வந்து, ஓர் அரசாங்க ஆபிசில் பியூனாகச் சேர்ந்தேன். மேசைக்கு மேசை ஃபைல் தூக்க வேண்டும். காலையில் மைக்கூடுகளை நிரப்ப வேண்டும். எழுதுகிறவர்களுக்கு நடுவில் எழுதாமல் திரிகிற வேலை. என் கையெழுத்து அந்த ஆபிசில் இருந்த பாதிப் பேரின் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும். அதைப் பார்க்க யாருக்கும் சந்தர்ப்பம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

சுதந்திரம் வரப்போகிறது என்பது உறுதியானதும் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டத் தொடங்கினார்கள். போகிறவர் மேசை இழுப்பறையைக் குப்பைக் கூடையில் கவிழ்ப்பார். அதை அள்ளுவது என் வேலை. முதல் தடவை அந்தக் குப்பையில் ஒரு கறுப்புப் பேனா கிடந்தது. நடுவில் தங்க வளையம், உள்ளே மை இழுக்கும் ரப்பர் பை இற்றுப்போயிருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் துரையிடம் நீட்டினேன். எடுத்துக்கொள் என்று அவர் தலையாட்டினார். சீனன் கடையில் புது ரப்பர் பை வாங்கி மாட்டினேன். எழுதியது.

அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்று சேர்ந்தன. ஒன்றில் பாசி போல் பச்சைக் கோடு ஓடியது. ஒன்றின் முள் ஒரு பக்கமாகத் தேய்ந்து, எழுதினால் எழுத்து தானாகவே சாய்ந்து விழும். ஆபிசில் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"என்னப்பா, துரையெல்லாம் கப்பல் ஏறிட்டா நீதான் அடுத்த துரையா? பேனா மட்டும் இருந்தா போதுமா, தொப்பி வேணாமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு மைக்கூட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து, அவற்றைப் போட்டு வைத்திருந்த ரொட்டி டின்னைத் திறந்து பதினொன்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பெல்லாம் காதில் விழாது.

அப்போது நாங்கள் கஜா பேராங்கில் வாடகைக்கு இருந்தோம். பலகை வீடு, தகரக் கூரை, இரண்டு அறை. பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே வந்து தமிழை மறந்தவர்கள். நெற்றியில் திருநீறு இருக்கும், நாங்கள் போகிற கோவிலுக்குத்தான் அவர்களும் வருவார்கள், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அந்த வீட்டு அம்மாள் என் மனைவியோடு வேலி ஓரத்தில் நின்று பாதி மலாயும் பாதி கைஜாடையுமாக நாளெல்லாம் பேசுவாள்.

எனக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. மகள் பிறந்தபோது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்கு ஒன்றரை வயது. வீட்டில் அவள் தொடாத பொருள் கிடையாது. அரிசி டின்னுக்குள் செருப்பு இருக்கும். செருப்பு இருந்த இடத்தில் கரண்டி இருக்கும். எதைப் பார்த்தாலும் கையை நீட்டி "தா" என்பாள். தராவிட்டால் தானே எடுத்துக்கொள்வாள். எடுத்தது நேராக வாய்க்குப் போகும்.

முதலில் என் சட்டைப்பை. தூக்கினால் போதும், பேனாவை உருவிவிடுவாள். அதனால் நான் பேனாவை டின்னில் வைத்து மூடிய பிறகுதான் அவளைத் தூக்குவது என்று பழகினேன். அதற்குள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்து, வேறு எதையாவது தேடிப் போயிருப்பாள்.

புதுக் கொடி ஏற்றுவதைப் பார்க்க மூவருமாகத் திடலுக்குப் போனோம். அன்றைக்கென்று தங்க வளையப் பேனாவைச் சட்டையில் குத்தியிருந்தேன். மகளைத் தோளில் தூக்கினேன். கூட்டம் ஆரவாரம் செய்த நேரத்தில் அவள் குனிந்து பேனாவை உருவி, கொடி போல ஆட்டினாள். மூடி கழன்று எங்கேயோ விழுந்தது. அவளை உடனே கீழே இறக்கிவிட்டேன். ஜனங்களின் காலுக்கு நடுவே மண்டியிட்டு மூடியைத் தேடி எடுத்தேன். அதன்பின் அவளைத் தூக்கவில்லை. மற்றவர்களின் முதுகையும் முழங்காலையும் பார்த்துக்கொண்டு அவள் தன் அம்மாவின் சேலையைப் பிடித்து நின்றாள்.

"ஒரு மூடிக்காகப் பிள்ளைய இறக்கி விட்டுட்டீங்களே," என்றாள் மனைவி.

"மூடி இல்லாட்டி மை காஞ்சிடும்."

"அப்ப பேனாவுக்கு ஒரு தொட்டில் கட்டிடுங்க. நான் தாலாட்டறேன்."

அடுத்த வாரம் பச்சைப் பேனா அகப்பட்டுக்கொண்டது. நான் எழுதிக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரம். திரும்பி வந்தபோது மேசைக்கடியில் உட்கார்ந்து அதன் வாலை மென்றுகொண்டிருந்தாள். நான்கு பல் தடங்கள், மேலே இரண்டு கீழே இரண்டு. நான் அவளை அடிக்கவில்லை. ஆனால் பிடுங்கிய வேகத்தில் அவள் பின்னால் சாய்ந்து மேசைக்காலில் இடித்துக்கொண்டாள். அன்று சாயந்தரம் முழுக்க ஈரத்துணியில் பல்பொடியைத் தொட்டுத் தேய்த்து, அந்தத் தடங்கள் மறையும்வரை மெருகேற்றினேன்.

அப்போதுதான் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பால மறக்கடிக்க நான் வேப்பெண்ண பூசினேன்ல? ரெண்டு நாள்ல விட்டுட்டா. உங்க பேனாவுக்கும் பூசி விடுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எங்கள் வீடுகளில் வேப்பெண்ணெய் இல்லாத வீடு கிடையாது. சளிக்கு நெஞ்சில் தடவுவார்கள், பூச்சி விழ ஒரு சங்கு புகட்டுவார்கள். எஸ்டேட்டில் நாங்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடித்து வளர்ந்தவர்கள்தாம். துணியில் இரண்டு சொட்டு விட்டுப் பதினொரு பேனாக்களின் வாலிலும் தடவினேன். வேண்டுமென்றே ஒன்றை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் பார்த்திருந்தேன். எடுத்தாள், வாயில் வைத்தாள். முகம் கோணி, நாக்கை வெளியே நீட்டி, கையால் நாக்கைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

இரண்டு மூன்று நாள் பேனாவின் பக்கம் வரவில்லை. பிறகு வந்தாள். முகத்தைச் சுளித்தாள், ஆனால் துப்பவில்லை. நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பூசினேன். அதற்கும் வந்தாள். மூன்று வாரத்தில் முகம் சுளிப்பதும் நின்றுவிட்டது. கசப்பைச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளுக்குக் கசப்பைப் பழக்கிவிட்டேன். அப்போது எனக்கு இது புரியவில்லை. இனிமேல் பூசிப் பயனில்லை, உயரத்தில் வைக்க வேண்டியதுதான் என்று மட்டும் நினைத்தேன்.

வீட்டில் உயரமான பலகை ஒன்றுதான் இருந்தது, சமையலறை வாசலுக்கு மேலே. அதில் மருந்துச் சாமான்களை மனைவி வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை மகளுக்குச் சளி. மனைவி அவள் நெஞ்சில் வேப்பெண்ணெய் தடவிவிட்டுப் புட்டியைத் திரும்பவும் அந்தப் பலகையில் வைத்தாள். வைத்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருந்த தன் அக்காளைப் பார்க்க மனைவி காலை பஸ்ஸில் போனாள். பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் விட்டுப் போனாள். அவள் போனதும் நான் பேனா டின்னுக்காக அந்த மேல் பலகையில் இடம் ஒழித்தேன். புட்டியின் தக்கை என்றைக்கோ உடைந்துபோய், காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தோம். அது கசியும். கசிந்தால் பேனா டின் நாசமாகும். ஆகவே புட்டியை மட்டும் எடுத்து, கீழே, அடுப்படிச் சாமான் வைக்கிற தாழ்ந்த பலகையில் வைத்தேன். உள்ளே இரண்டு விரற்கடை எண்ணெய் இருந்தது.

பேனாக்களை மேலே ஏற்றுமுன் ஒருமுறை கழுவிவிடலாம் என்று தோன்றியது. பூசிய எண்ணெயெல்லாம் போக வேண்டுமே. மேசையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் அவள் கை மேசைக்கு வராது. வெந்நீரில் முட்களைக் கழுவினேன். ஒவ்வொன்றாகத் துடைத்தேன், மை ஊற்றி எழுதிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். பின்னால் அவள் சத்தமே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. என்ன செய்கிறாள் என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோராவது பேனாவைத் துடைத்து டின்னை மூடிய பிறகுதான் திரும்பினேன். தாழ்ந்த பலகையின் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டை முன்பக்கம் முழுவதும் எண்ணெய். காகித அடைப்பு ஒரு கையில், புட்டி மடியில். என்னைப் பார்த்ததும் காலிப் புட்டியை எனக்குக் கொடுக்க நீட்டினாள்.

எனக்குப் பதற்றம் ஒன்றும் வரவில்லை. மருந்துதானே. வாயைத் துடைத்தேன், சட்டையை மாற்றினேன், பேனா டின்னை மேலே ஏற்றினேன். புட்டியை எடுக்கத் தோன்றவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. மனைவி பன்னிரண்டு மணிக்கு வந்தவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"அட, நேத்து தடவிட்டு இத கீழயே வச்சிட்டேனா நானு?" என்றாள்.

நான்தான் டின்னுக்கு இடம் ஒழித்தேன் என்று சொன்னால், பேனாவுக்காகவா என்று கேட்பாள். மறுபடி தொட்டில், தாலாட்டு என்று கேலி பேசுவாள். அந்தக் கேலிக்குக் கூச்சப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன். வேறு காரணம் கிடையாது.

"எல்லாத்தையும் குடிச்சிட்டாளா? சரி, நல்லதுதான். வயித்துல உள்ள பூச்சியெல்லாம் விழுந்துடும்," என்று அவள் மகளின் வயிற்றைத் தட்டினாள். மகள் சிரித்தாள். நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

சோறு ஊட்டும்போது வாந்தி எடுத்தாள். பிறகு மறுபடியும், மறுபடியும். பூச்சி மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இரண்டு மணிக்குத் தூங்கினாள். அவள் பகலில் அவ்வளவு எளிதாகத் தூங்கும் பிள்ளை இல்லை. ஓட்டப்பந்தயம் ஓடிவிட்டு வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள். மனைவி விசிறியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "சளி," என்றாள். நானும், "ஆமாம், சளி," என்றேன்.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்தாள். வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்தவள் தட்டைத் தரையில் வைத்தாள். அருகில் வந்து கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஹொஸ்பிட்டல்," என்றாள். "செகாராங்."

இப்போதே என்று அர்த்தம். என் மனைவி, சாயந்தரம் வரை பார்க்கலாமே என்று ஏதோ சொல்ல வந்தாள். அந்த அம்மாள் கேட்காமல் தெருவுக்குப் போய் அவளே ஒரு பேச்சாவை நிறுத்தினாள். ஆள் மிதிக்கிற அந்த மூன்று சக்கர வண்டியில் நாங்கள் பாதி தூரம் போகும்போது மகளின் கை கால்கள் வெட்டி இழுக்கத் தொடங்கின. மனைவி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஒரு பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மகளை உள்ளே தூக்கிப் போனார்கள். மனைவியும் கூடவே ஓடினாள். டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெஸ்ஸர் ஒருவர், தமிழர்தான், வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"பிள்ள என்ன சாப்பிட்டுச்சு?"

"சோறுங்க."

"வேற ஏதாச்சும் எடுத்துக் குடிச்சிச்சா? மண்ணெண்ண, எலி மருந்து, அப்படி ஏதும்?"

"இல்லைங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். நான் பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை. வேப்பெண்ணெயை யாராவது அந்த வரிசையில் சேர்ப்பார்களா? ஆனாலும் அவர் போன பிறகு சொல்லியிருக்க வேண்டுமோ என்று மனத்தில் ஓர் அரிப்பு இருந்தது. எழுந்து போய், அந்த வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு நடுவில் நின்று, "ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்க வேண்டும். மூன்று தடவை பெஞ்சிலிருந்து எழுந்தேன், மூன்று தடவையும் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மகளின் வாந்தி பட்ட துணியை அலசும்போது மனைவிக்கு வேப்பெண்ணெய் வாடை அடித்திருக்கிறது. அவள் துணியோடு நர்ஸிடம் போனாள். டாக்டர் வந்தார், டிரெஸ்ஸர் மொழிபெயர்த்தார். எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்கு, புட்டி எங்கே இருந்தது என்றெல்லாம் கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நான்தான்," என்றாள் மனைவி. "தடவிட்டுக் கீழ வச்சிட்டேன். மேலதான் வைப்பேன் எப்பவும். அன்னைக்கு மறந்துட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. இந்த எண்ணெயை இனிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். முந்தின நாளே தெரிந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று மனைவி கேட்டாள். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உயிரோடு வந்தாள். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிவிட்டது. "தா" என்ற அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. பாயில் எப்படிப் படுக்கவைக்கிறோமோ அப்படியே கிடப்பாள். கண் திறந்திருக்கும். பக்கத்தில் எதை வைத்தாலும், கரண்டியோ செருப்போ, கை நீளாது. வீட்டில் எல்லாப் பொருளும் வைத்த இடத்திலேயே இருந்தது.

வந்த அன்று மாலையே ரொட்டி டின்னை இறக்கி, மூடியைத் திறந்து, அவள் பாயருகில் தரையில் வைத்தேன். பச்சைப் பேனாவை எடுத்து அவள் இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன். கையை எடுத்ததும் விரல்கள் மெல்லத் திறந்தன. பேனா பாயில் உருண்டது. பிறகும் எத்தனையோ நாள் வைத்துப் பார்த்தேன். அந்தப் பேனாவின் வாலில் நான்கு பல் தடங்கள் இருந்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடியிருக்கிறேன். விரலால் தடவியும் தேடியிருக்கிறேன். நன்றாகத்தான் மெருகேற்றியிருக்கிறேன். ஒன்றும் தென்படவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு குழந்தை இல்லை. மகளுக்கு இப்போது பத்து வயது. மனைவிதான் தூக்குகிறாள், குளிப்பாட்டுகிறாள். வருஷா வருஷம் அலகு குத்திக்கொண்டு முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறாள். அலகு எதற்கு என்று செட்டி அம்மாள் ஒருமுறை கேட்டதற்கு, "நான் வச்ச புட்டிக்கு," என்று மலாயில் சொன்னாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். பத்து அடி தூரம்கூட இருக்காது. அன்றும் வாய் வரவில்லை. அவள் நாக்கில் வேல் ஏறுகிறபோது பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறவன் நான்தான்.

என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. இதை எழுதி எங்காவது வைத்தால் அவள் கண்ணில் பட்டாலும் ஒன்றுமில்லை. முதலில் அப்படி நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். இவ்வளவு எழுதிய பிறகு அது சரியில்லை என்று படுகிறது.

சற்று முன் அவள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"காலையிலேர்ந்து என்னத்த எழுதிக்கிட்டே இருக்கீங்க?"

"அந்தப் பேனாவப் பத்தி."

"அதப் பத்தி எழுத இன்னும் என்ன இருக்கு?"

"கொஞ்சம் இருக்கு. உனக்குப் படிச்சிக் காட்டணும்."

அவள் சமையலறை வாசலுக்கு வந்து என்னையும் தாள்களையும் பார்த்தாள். நான் எதையும் அவளுக்குப் படித்துக் காட்டியதில்லை.

"இருங்க," என்றாள். "இவளுக்கு ஊட்டிட்டு வரேன்."

இப்போது உள்ளே கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்கிறது. மகள் ஒரு வாய் விழுங்க நேரமாகும். தாள்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கமிருந்து எடுத்து, சமையலறை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.